பதினேழாம் இலக்கம், பார்த்தாயிற்று

சிறைச்சாலை என்றால் துருப்பிடித்த இரும்பும் உயர்ந்த கோபுரமும்தான் என்று சிவமலர் நினைத்திருந்தாள். பஸ்ஸில் இருந்து இறங்கியபோது எதிரே நின்றது பழைய பள்ளிக்கூடம் போன்ற ஒரு செங்கல் கட்டடம். முன்னால் சைக்கிள் நிறுத்துமிடம். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வெதுப்பகம், அதன் கண்ணாடிக்குள் அப்போதுதான் அடுக்கிய பாண். நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை, காலை ஆறு மணி, இன்னும் விடியவில்லை. வாசலில் கைத்தொலைபேசியை வாங்கி ஒரு பெட்டிக்குள் பூட்டினார்கள். இரண்டு கதவுகள் திறந்து மூடின. மூன்றாவது கதவைத் தாண்டியதும் மணம் வந்து முகத்தில் மோதியது.

கிருமிநாசினி, அவித்த முட்டைக்கோவா, ஆண்களின் வியர்வை. இவற்றுக்கெல்லாம் அடியில், மெல்லிய இனிப்பாக இன்னொன்று.

சிவமலருக்கு நாற்பத்தேழு வயது. இருபத்தொரு வருடம் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் வயோதிபர் இல்லத்திலும் ஆஸ்பத்திரியிலும் தாதியாக வேலை செய்தவள். மலம், சலம், சீழ், வாந்தி எதற்கும் அவள் ஒருநாளும் முகத்தைச் சுளித்ததில்லை. "உனக்கு மூக்கு இல்லையோ?" என்று கூட வேலை செய்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். ஆனால் ஆட்களைத் தூக்கிப் புரட்டி முதுகு போய்விட்டது. வைத்தியர் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் லக்சிகா ஆஹென் நகரத்தில் படிக்கிறாள், வீட்டில் இவள் தனி. தூக்குகிற வேலை இல்லை, இரவு வேலை இல்லை என்று விளம்பரத்தில் கண்டபோது, சிறைச்சாலையாக இருந்தால் என்ன என்று எழுதிப்போட்டாள். ஆறு மாதம் ப்ரோபெற்சைட். அந்தப் பரீட்சைக் காலத்துக்குள் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம்.

வேலை கொடுத்தது சிறைச்சாலை அல்ல. அங்கே முன்பு சொந்தமாக ஒரு வைத்தியர் இருந்தாராம். அவர் ஓய்வு பெற்றதும் வேறு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி, மருத்துவப் பகுதியை அப்படியே ஒரு தனியார் கொம்பனியிடம் கொடுத்துவிட்டார்கள். குளத்தில் மீன்பிடிக்கக் குத்தகை விடுவதுபோல, மனிதரின் நோயைக் குத்தகைக்கு விட்டார்கள். அந்தக் கொம்பனிக்கு நல்ல வாசனையான ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கை கழுவ வேண்டிவரும்.

"வாங்கோ அக்கா. வழி பிழைக்காமல் வந்து சேந்தியளோ?"

மருத்துவ அறை வாசலில் நின்றவன் கவிஷன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, முப்பத்திரண்டு வயது, கொம்பனியின் பொறுப்பாளன். தமிழ்க்குரலைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது உண்மைதான். கோப்பி ஊற்றிக் கொடுத்தான். சுவரில் ஒரு பெரிய திரை.

"வைத்தியர் இதுக்குள்ளைதான் வருவார். வேறை ஊரிலை இருக்கிறார். பன்னிரண்டு சிறைக்கு அவர் ஒராள்."

"ஆளை நேரிலை பாக்க மாட்டாரோ?"

"எங்கை அக்கா நேரம்? படம் எடுத்து அனுப்பினால் பாப்பார்."

பிறகு ஒரு டேப்லெட்டை எடுத்துக் காட்டினான். இந்தப் பிரிவில் நாற்பத்தொரு அறைகள். ஒவ்வொரு அறைக்கதவின் நிலையிலும் ஒரு பார்கோட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. தாதி காலைச் சுற்றில் கதவடிக்குப் போய், ஆளைப் பார்த்து, ஸ்டிக்கரை ஸ்கான் செய்யவேண்டும். திரையில் மூன்று பொத்தான்கள் வரும். பார்த்தாயிற்று, முறைப்பாடு இல்லை. பார்த்தாயிற்று, மருந்து கொடுத்தாயிற்று. பார்த்தாயிற்று, நோயாளி மறுத்துவிட்டார். ஒன்றை அழுத்தி, கீழே உள்ள பெட்டியில் விரலால் கையெழுத்து. அவ்வளவுதான்.

"பாக்காட்டில் எதை அமத்திறது?" என்று சிவமலர் கேட்டாள்.

கவிஷன் சிரித்தான். "அப்பிடி ஒண்டு இல்லை அக்கா. இஞ்சை எல்லாரையும் பாக்கிறம்."

சிரித்தபடியே மேசை இலாச்சியைத் திறந்து ஒரு மட்டையை வெளியே எடுத்தான். பிளாஸ்டிக் போட்டு ஒட்டிய நீளமான மட்டை. அதில் வரிசையாக நாற்பத்தொரு பார்கோட்கள். கதவுகளில் உள்ள ஸ்டிக்கர்களை யாரோ படம் பிடித்து அச்சடித்திருக்கிறார்கள். கதிரையில் இருந்தபடி, கோப்பி ஆறுவதற்குள், நாற்பத்தொரு பேரையும் "பார்த்து" முடிக்கலாம்.

"வேலைக்கு ஆள் காணாத நாளிலை மட்டும்தான்," என்றான். மட்டையின் ஓரங்கள் விரல் பட்டுப்பட்டு அழுக்கேறி மஞ்சளித்திருந்தன.

இருபத்தொரு வருடத்தில் வராத குமட்டல், சிவமலருக்கு அந்த மட்டையைப் பார்த்தபோது வந்தது. கோப்பியை வைத்துவிட்டு மருந்துத் தள்ளுவண்டியைப் பிடித்தாள். "நான் நடந்தே போறன் தம்பி."

கதவு திறக்க அவளோடு வந்தவர் காவலர் பெக்மன் என்ற பெண். ஐம்பது தாண்டியவர், இடுப்பில் திறப்புக்கொத்து, அதிகம் பேசாதவர். ஒவ்வொரு கதவிலும் உள்ளே எட்டிப்பார்க்க ஒரு சிறிய கண்ணாடித் துளை. சிவமலர் ஒவ்வொன்றிலும் கண்ணை வைத்தாள், வணக்கம் சொன்னாள், மருந்தைக் கையில் கொடுத்தாள். சிலர் அவளை அதிசயமாகப் பார்த்தார்கள். "நீங்கள் உண்மையாகவே வந்திருக்கிறீர்களே," என்றார் ஒருவர்.

ஆறு ஐம்பதுக்குப் பதினேழாம் இலக்கத்தடிக்கு வந்தார்கள்.

அந்த இனிப்பு மணம் இங்கேதான் இருந்து வருகிறது. இப்போது அது மெல்லியதாக இல்லை. வெயிலில் கிடந்து வெடித்த பலாப்பழமும் செத்த எலியும் சேர்ந்த மணம். தாதிக்கு அது என்னவென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உயிரோடு இருக்கிற மனிதனின் தசை அழுகும்போது வருகிற மணம் அது.

"கழிவுக்குழாய்," என்றார் பெக்மன், மூக்கைக் கையால் மூடிக்கொண்டு. "மூன்று தடவை திருத்திவிட்டார்கள்."

உள்ளே இருந்தவர் பெயர் ஊவே. ஐம்பத்தாறு வயது, வீடு வாசல் இல்லாதவர். டிக்கெட் இல்லாமல் டிராமில் போய்ப் போய்ப் பிடிபட்டு, தண்டம் கட்ட வழியில்லாமல் உள்ளே வந்தவர். சீனி வருத்தக்காரர். தன் இடது காலை நீட்டினார். சின்னவிரல் நுனி கருநீலமாக இருந்தது. சிவமலர் குனிந்து மணந்து பார்த்தாள். காலில் மணம் இல்லை. சுத்தமாகக் கழுவிய கால். அந்த மணம் அவருக்குப் பின்னால், யன்னலுக்குக் கீழே, ஒன்றுமே இல்லாத மூலையில் இருந்து வந்துகொண்டிருந்தது.

காயத்தைச் சுத்தம் செய்து கட்டினாள். படம் எடுத்து அனுப்பினாள். பதினொரு மணிக்குத் திரையில் வைத்தியர் தோன்றி, எதையோ மென்றுகொண்டே, "கவனித்துக்கொள்ளுங்கள்," என்று சொல்லி மறைந்தார்.

செவ்வாய்க்கிழமை விரல் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. மறுபடியும் படம். மறுபடியும் "கவனித்துக்கொள்ளுங்கள்". ஊவேயின் கண்கள் சிவந்திருந்தன.

"நித்திரை இல்லையா?" என்று கேட்டாள்.

"அவர் விடுகிறார் இல்லை."

"எவர்?"

ஊவே மூலையைத் திரும்பிப் பார்க்காமல் கட்டைவிரலால் மட்டும் காட்டினார். அவர் கொஞ்சம் புத்தி தளம்பியவர் என்று பெக்மன் பின்னால் நின்று சைகை காட்டினார்.

புதன்கிழமை கட்டை அவிழ்த்தபோது பாதத்தின் மேற்புறம் சிவந்து வீங்கியிருந்தது. சிவமலர் உள்ளுக்குள் பயந்தாள். இந்த மனிதரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஆனால் அதற்கு உத்தரவு திரையில் இருந்துதான் வரவேண்டும் என்று கொம்பனியின் ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அவள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஊவே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அவர் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டது."

"என்ன சொல்கிறார்?"

ஊவே கண்ணை மூடினார். ரூர் பகுதியை விட்டு ஒருநாளும் வெளியே போகாத அந்த ஜெர்மன்காரரின் வாயில் இருந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தையைப் போல, ஒவ்வொரு சொல்லாக வந்து விழுந்தது.

"கா-லை... ஒ-ருக்-கா... பா-ருங்-கோ."

சிவமலரின் கையில் இருந்த கத்தரிக்கோல் நிலத்தில் விழுந்தது.

"என்ன அர்த்தம்?" என்று ஊவே கேட்டார். "உங்கள் பாஷையா?"

அவள் கட்டை அவசரமாக முடித்தாள். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு மருத்துவ அறைக்கு வந்தாள்.

"கவிஷன், பதினேழிலை முந்தி ஆர் இருந்தது?"

கவிஷன் டேப்லெட்டில் இருந்து தலையைத் தூக்காமலே இருந்தான். "ஏன் கேக்கிறியள்?"

"சொல்லும்."

"ஒரு வயது போனவர். எங்கடை ஆள்தான். தம்பித்துரை எண்டு பேர். மாசியிலை செத்திட்டார். இயற்கை மரணம் எண்டு எழுதியாச்சு." பிறகு, "சீனி வருத்தம்," என்று சேர்த்தான்.

பழைய பதிவுகளை அவளே தட்டிப் பார்த்தாள். தம்பித்துரை, அறுபத்தாறு வயது, அறை பதினேழு. பத்தொன்பது நாட்கள், பத்தொன்பது வரிகள். பார்த்தாயிற்று, முறைப்பாடு இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே கவிஷனின் ஒரே சுழித்த கையெழுத்து. இறந்த திகதியைத் தேடினாள். பதினேழாம் நாள். அதற்குப் பிறகும் இரண்டு நாட்கள் அந்த மனிதர் காலை ஆறு ஐம்பதுக்குப் பார்க்கப்பட்டிருக்கிறார், அவருக்கு ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை.

"பிணத்துக்கும் முறைப்பாடு இல்லையோ தம்பி?"

"அக்கா, அப்ப நான் தனி ஆள். மூண்டு பேர் செய்யிற வேலை. அந்தாளின்ரை கால் மணந்த மணத்துக்கு ஒருதராலையும் அந்தக் கதவடிக்குப் போக ஏலாது. நீங்கள் எண்டாலும் போயிருக்க மாட்டியள்."

"நான் போயிருப்பன்," என்றாள் சிவமலர். சொன்னபோது அவள் அதை முழுமனதாக நம்பினாள்.

மறுநாள் வியாழக்கிழமை.

ஒன்பதாம் இலக்கத்தடியிலேயே மணம் தொடங்கிவிட்டது. பன்னிரண்டில் கண்ணீர் வந்தது. பெக்மன் சால்வையால் மூக்கைச் சுற்றிக் கட்டினார். பதினாறாம் இலக்கத்தைத் தாண்டியபோது அது மணமாக இல்லை, வாய்க்குள் வந்து நாக்கில் ஒட்டிக்கொள்கிற பிசினாக இருந்தது. சிவமலர் பதினேழின் துளையில் கண்ணை வைக்கக் குனிந்தாள்.

துளையின் மறுபக்கத்தில் இருந்து சூடான மூச்சு அவள் இமையில் பட்டது.

கண்ணாடி போட்ட துளை. மூச்சு வர வழியே இல்லை.

அவள் பின்னால் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலையில் குடித்த தேநீரை நடைபாதையில் வாந்தி எடுத்தாள். இருபத்தொரு வருடத்தில் முதல்தடவை. அவளுக்குப் பயத்தைவிட அருவருப்புத்தான் அதிகமாக இருந்தது. அந்த மணத்தின் மேல், அந்தக் கதவின் மேல், அதற்குள் இருந்த எல்லாவற்றின் மேலும் ஒரு வெறுப்பு. ஊவேயின் மேலும்தான். உண்மையை மறைத்து என்ன பயன்?

இன்சுலின் ஊசியைப் பெக்மனிடம் கொடுத்தாள். "அவரே போடத் தெரிந்தவர். நீங்களே கொடுத்துவிடுங்கள்."

"காயம்?"

"நாளைக்குப் பார்க்கிறேன்."

மிச்சக் கதவுகளை முடித்துவிட்டு வந்தபோது மருத்துவ அறையில் யாரும் இல்லை. இலாச்சியைத் திறந்து மட்டையை எடுத்தாள். பதினேழாவது கோட்டின் மேல் டேப்லெட்டைப் பிடித்தாள். அது கீச்சென்றது. பார்த்தாயிற்று, மருந்து கொடுத்தாயிற்று. விரலால் கையெழுத்துப் போட்டாள்.

அந்த நொடியே மணம் நின்றுவிட்டது. யாரோ மூடி போட்டு மூடியதுபோல, அறை முழுக்கக் கோப்பி மணம் மட்டும்.

எவ்வளவு நிம்மதி. ஒரே ஒரு நாள்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, கொண்டுவந்த இடியப்பத்தை நன்றாகச் சாப்பிட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். அன்று அந்தப் பூனை இவள்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது கவிஷன் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றான்.

"அக்கா, இதை நீங்களோ செய்தது?"

முதல்நாள் பட்டியல். நாற்பது வரிகளில் பார்த்தாயிற்று. பதினேழாவது வரியில் வேறு ஒன்று இருந்தது.

பார்க்கவில்லை.

"இப்பிடி ஒரு பொத்தானே இதுக்குள்ளை இல்லை," என்றான் கவிஷன்.

கையெழுத்துப் பெட்டியை அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து அங்கே இல்லை. நடுங்கி நடுங்கி, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் இருந்தது.

தம்பித்துரை.

கவிஷன் கதிரையில் இருந்துவிட்டான். பிறகு குனிந்து, மேசையின் ஆகக் கீழ் இலாச்சியைத் திறந்தான். உள்ளே ஒரு கட்டு அன்ட்ராக் தாள்கள். கைதி வைத்தியரைக் கேட்டு விண்ணப்பிக்க எழுதிக் கொடுக்கிற சிறு தாள்கள். பதினொரு தாள். பதினொன்றும் தமிழில், பென்சிலால், ஒரே கையால் எழுதியவை.

கால் மணக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ. இப்படிக்கு, தம்பித்துரை.

டேப்லெட்டில் இருந்த அதே நடுங்கிய எழுத்து.

"அன்ட்ராக் டொச் பாஷையிலை எழுதியிருந்தால்தான் எடுக்கலாம் எண்டு கொம்பனி விதி," என்றான் கவிஷன் நிலத்தைப் பார்த்தபடி. "நான் அதைத்தான் செய்தன்."

"இந்தக் கட்டடத்திலை இதை வாசிக்கத் தெரிஞ்சது நீர் ஒராள்தானே கவிஷன்."

அவன் தாள்களின் ஓரங்களை ஒழுங்காக அடுக்கினான்.

"வாசிச்சனீரோ?"

"ஓம்."

சிவமலர் அவனைப் பார்த்தாள். சீழ் பிடித்த புண்ணைக்கூட அவள் இவ்வளவு அருவருப்போடு பார்த்ததில்லை. ஆனால் அடுத்த கணமே முதல்நாள் சாப்பிட்ட இடியப்பம் நினைவுக்கு வந்தது, பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். இவனுக்குப் பத்தொன்பது நாள். தனக்கு ஒருநாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அறைகளில் இருந்து கூப்பிடும் மணி. இலக்கம் பதினேழு.

ஒலிபெருக்கி கரகரத்தது.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. நீளமான, ஈரமான மூச்சு. பிறகு ஒரு வயது போன குரல், யாரையும் தொந்தரவு செய்யப் பயப்படுகிற மனிதரின் குரல்.

"பிள்ளை... நீங்களும் வரேல்லையே."

கவிஷனின் கை தானாக எழுந்து ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தது. யோசிக்காமலே எழுந்தது. பழகிய கை.

சிவமலர் ஓடினாள்.

நடைபாதையில் மணம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பெக்மன் திறப்பைத் தேடிக் கதவைத் திறந்தார். ஊவே கட்டிலில் இருந்து பாதி சரிந்து கிடந்தார். கூப்பிடும் பொத்தான் கதவருகில், அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டை அவிழ்த்தாள்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. இந்தத் தடவை மூலையில் இருந்து அல்ல, அவள் கையில் இருந்த காலில் இருந்து. இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. பாதத்தில் இருந்து முழங்கால் வரை ஒரு சிவப்புக்கோடு ஏறியிருந்தது.

மருத்துவ அறைக்குத் திரும்பி ஓடித் திரையில் வைத்தியரைக் கூப்பிட்டாள். காத்திருப்போர் வரிசையில் உங்கள் இடம் ஒன்பது என்று திரை சொன்னது. பின்னணியில் இனிமையான பியானோ இசை. அவள் மேசைத் தொலைபேசியை எடுத்தாள்.

"அக்கா, வேண்டாம்," என்று கவிஷன் அவள் கையைப் பிடித்தான். "உத்தரவு இல்லாமல் அம்புலன்ஸ் கூப்பிட்டால் உங்கடை ப்ரோபெற்சைட் இண்டைக்கே முடிஞ்சுது. பத்து நிமிசம் பொறுங்கோ."

"கையை எடும்."

"அக்கா..."

"உம்மடை கை என்னிலை படக்கூடாது. எடும்."

அவசர இலக்கமான நூற்றுப்பன்னிரண்டை அழுத்தினாள்.

அம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. ஊவேயைக் கொண்டுபோகும்போது அவர் அரைக்கண் திறந்து சிவமலரைப் பார்த்தார், பிறகு அவளுடைய தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தார், அங்கே நின்ற யாருக்கோ தலையசைத்தார். அவளுக்குப் பின்னால் இருந்தது வெறும் சுவர். பெக்மன் காலியான பதினேழாம் இலக்கத்தைப் பூட்டித் திறப்பை இடுப்பில் கொழுவினார். திங்கட்கிழமை கொம்பனியின் கடிதம் வந்தது. இரண்டு வரி. அவளுடைய எதிர்காலத்துக்கு நல்வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஊவேயைப் பார்க்கப் போனாள். உயிர் தப்பிவிட்டார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வார்ட்டில் இருந்த தாதியிடம் தானும் தாதி என்று சொல்லி மெதுவாக விசாரித்தாள்.

"ஒருநாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் அநேகமாக இரண்டு விரலோடு போயிருக்கும்," என்றாள் அந்தப் பெண், இவள் யார் என்று தெரியாமல்.

ஒருநாள். அந்த வியாழக்கிழமை. சிவமலர் கட்டிலருகே வந்து இருந்தாள், கொண்டுவந்த திராட்சையைக் கழுவி வைத்தாள், மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஊவேதான் அவளைத் தேற்றினார்.

"இப்போது நன்றாக நித்திரை வருகிறது. அவர் என்னிடம் வருவதில்லை."

"போய்விட்டாரா?"

"போனார்தானே, உங்களோடு." ஊவே அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். "அன்றைக்கு உங்களுக்குப் பின்னால்தான் நின்றார். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். பாவம், நல்ல மனிதர்."

அன்று இரவு கவிஷனிடம் இருந்து ஒரு செய்தி வந்தது. கொம்பனிக்கு இன்னும் இரண்டு சிறைச்சாலைகளின் குத்தகை கிடைத்திருக்கிறதாம், தனக்குப் பதவி உயர்வாம். உங்களிலை எனக்குக் கோவம் இல்லை அக்கா என்று முடித்திருந்தான். சிவமலர் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவினாள்.

மறுநாள் காலை அவளுடைய வீட்டு மணி அடித்தது.

வெளியே இன்னும் இருட்டு. சுவர்க்கடிகாரத்தில் ஆறு ஐம்பது.

மூன்றாம் மாடி. கீழ்க் கதவு பூட்டியிருக்கும். யாரும் மேலே வரமுடியாது. அவள் வெறுங்காலோடு நடந்து வாசலுக்கு வந்தாள். பாதி வழியிலேயே மூக்கு அறிந்துவிட்டது. வெயிலில் வெடித்த பலாப்பழம். செத்த எலி.

கதவைத் திறந்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. அயல்வீட்டாரின் குடை, சப்பாத்துத் தட்டு, எல்லாம் வைத்தது வைத்தபடி. கதவு நிலையில், அவளுடைய கண் மட்டத்தில், ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கறுப்புக் கோடுகள். கீழே சிறிய எழுத்தில் பதினேழு.

நகத்தால் சுரண்டி எடுத்தாள். பசை இன்னும் ஈரமாக இருந்தது. கதவை மூடிச் சங்கிலி போட்டாள்.

மணி மறுபடியும் அடித்தது.

சிவமலர் கதவில் முதுகை வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பாமல் போய்ப் போர்வைக்குள் படுத்துவிடலாம். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். அப்படிச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு இப்போது தெரியும். அன்று அந்த நொடியில் மணம் நின்று, கோப்பி வாசம் வந்தது, இடியப்பம் ருசித்தது.

திரும்பினாள். கதவில் இருந்த துளையில் கண்ணை வைத்தாள்.

படிக்கட்டுத் தெரியவில்லை.

சாம்பல்நிறச் சுவர் தெரிந்தது. கம்பி போட்ட யன்னல். யன்னலுக்குக் கீழே, அன்று வெறுமையாக இருந்த மூலையில், ஒரு கட்டில். கட்டிலின் ஓரத்தில் ஒரு மெலிந்த கிழவர், சிறைச் சட்டையின் பொத்தான்களை ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு, யாரையோ எதிர்பார்த்து இருப்பவராக இருந்தார். துளையில் கண் பட்டதும் நிமிர்ந்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. காற்சட்டையை மெல்ல முழங்கால்வரை சுருட்டி, காலை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் பார்த்தாள். எலும்புவரை பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"பாத்திட்டன் ஐயா," என்று கதவோடு வாயை வைத்துச் சொன்னாள். "பாத்திட்டன்."

கிழவர் காற்சட்டையைக் கீழே இறக்கிவிட்டார். கதவின் மறுபக்கத்தில், அவளுடைய காதுக்கு மிக அருகே, அந்த மரியாதையான குரல் கேட்டது.

"நாளைக்கும் வாங்கோ பிள்ளை."

அடுத்தநாள் காலை ஆறு ஐம்பதுக்கு மணி அடித்தபோது சிவமலர் முகம் கழுவி, தலை சீவி, கையுறை போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள்.